தண்ணி காணாத கொடி

கெக்கரிக்காய் கசந்த அன்றுதான் எனக்கு மரக்கறி வாங்கத் தெரியாது என்பது தெரியவந்தது. அதுவரை நான் வாங்கியதெல்லாம் நிறத்தையும் பருமனையும்தான்.

2003 ஆனி மாதம். அதற்கு முந்திய வருடம் பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து, மட்டக்களப்பு – கல்முனை வீதியில் ஆட்கள் கொஞ்சம் பயமில்லாமல் நடமாடத் தொடங்கியிருந்தார்கள். அந்தத் துணிவில்தான் களுவாஞ்சிக்குடி ஆசுபத்திரிப் பக்கமாக ஒரு தகரக் கொட்டிலில் சோற்றுக்கடை போட்டேன். கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு விறகடுப்பு, ஒரு வாங்கு, நாற்பது பார்சல். நோயாளி பார்க்க வருகிறவர்களும் கந்தோர்க்காரரும் வாங்குவார்கள். அன்று கதிர்காமத்துக்கு நடந்து போகும் சாமிமாருக்கென்று ஒருவர் நேர்ந்து, முப்பது பார்சல் கூடுதலாகச் சொல்லியிருந்தார். மரக்கறிச் சோறு. வெயில் கொளுத்துகிறதே, குளிர்ச்சியாக ஒன்று இருக்கட்டும் என்று கெக்கரிக்காய்ப் பச்சடி போட்டேன். சந்தையில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய காய்கள். நேராக, கரும்பச்சையாக, மினுக்கமாக இருந்தன.

சாமிமாரில் ஒரு வயதான அம்மா. யாழ்ப்பாணத்திலிருந்து நடந்து வந்தவர். சோறு முழுவதையும் சாப்பிட்டு, பச்சடியை மட்டும் பார்சல் தாளின் ஓரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தார். கை கழுவ வந்தபோது, "பிள்ளை, சோறு நல்லாயிருக்கு. பச்சடிக்குப் பாவக்காயோ போட்டனீங்கள்?" என்று கேட்டார். கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது.

அன்று பின்னேரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு களுதாவளைக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவது வழமை. ஆகவே மாமி வீட்டில் நான் ஒருநாளும் குடியிருந்ததில்லை; மாமி தன் மகளோடு களுதாவளையில், நான் என் அம்மாவோடு களுவாஞ்சிக்குடியில். கலியாணம் முடித்துப் பத்து வருடமாகியும் மாமியின் தோட்டத்துக்குள் நான் ஒழுங்காகக் கால் வைத்தது அன்றுதான்.

மிச்சமிருந்த ஒரு கெக்கரிக்காயைக் கையில் கொடுத்தேன். மாமி அதைப் பார்க்கவேயில்லை. காம்புப் பக்கத்தை நகத்தால் கிள்ளி மோந்தார். "தண்ணி காணாத கொடி கசக்காம இனிக்குமா புள்ள?" என்றார். பிறகு காயைக் காம்புப் பக்கம், நடு, நுனி என்று மூன்றாக வெட்டி, நுனியிலிருந்து தின்னத் தந்தார். நுனி பரவாயில்லை. நடு இலேசாகக் கசந்தது. காம்புப் பக்கம் நாக்கு சுருண்டது. கசப்பு காம்பிலிருந்து இறங்கி வருகிறது, தோலோடு ஒட்டி வருகிறது. வெயில் காலத்தில் இரண்டு நாள் தண்ணீர் தவறிய கொடியில் அது கூடும். இதை எனக்கு மாமி சொல்லித் தந்தது அந்தக் கத்தியால்தான்.

களுதாவளை மண்ணைப் பார்த்திராதவர்களுக்கு இது விளங்காது. கிழக்கே கடல், மேற்கே வாவி. நடுவில் மணல். அந்த மணலில் கத்தரி, கொச்சிக்காய், வெங்காயம், பயற்றை, வெற்றிலை என்று செய்கிறார்கள். களுதாவளை வெற்றிலைக்குத் தனிப் பேர் உண்டு. மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. காலையில் ஊற்றியது மத்தியானத்துக்குள் போய்விடும். கோடையில் இரண்டு வேளையும் ஊற்ற வேண்டும். கையால் தோண்டிய ஆழமில்லாத கிணறு. இரண்டு கையிலும் இரண்டு பூவாளி. பாத்திக்குப் பாத்தி நடை. மாமாவின் தோள் இரண்டும் முன்னுக்கு வளைந்திருந்தது அதனால்தான். ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று ஒருதரம் கேட்டேன். "எண்ணினா ஊத்த ஏலாது" என்றார்.

கிணற்றைப் பற்றியும் அன்று மாமி சொன்னார். மாரியில் பெய்கிற மழைதான் மணலுக்குள் இறங்கி நிற்கிறது. அதற்குக் கீழே உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் இலேசு, உப்புத் தண்ணீர் பாரம். பாலுக்கு மேல் ஆடை போல நல்லது மேலே நிற்கிறது. மெதுவாக மொண்டால் மாரி வரைக்கும் வரும். அவசரப்பட்டு ஆழமாக இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறி வரும். "மறுகா ஒரு மாரி பெய்ஞ்சாத்தான் அது இறங்கும்" என்றார். விளங்கியதுபோல் தலையாட்டினேன். விளங்கியது ஒன்றரை வருடத்துக்குப் பிறகு.

அன்றிலிருந்து கோடையில் சந்தைக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான். இந்தக் காய் எத்தனை நாள் தண்ணீர் கண்டது, கடைசியாக எப்போது கண்டது. இதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் பாதிச் சமையல் முடிந்த மாதிரி.

வெள்ளாப்பில் போக வேண்டும். ஐந்து மணிக்கெல்லாம் களுதாவளை, தேற்றாத்தீவு, எருவில், மகிழூர்ப் பக்கத்திலிருந்து சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் சாமான் வந்துவிடும். தம்புள்ளை லொறி அதற்கு முன்னரே வந்திருக்கும். கரட், கோவா, லீக்ஸ், பீற்றூட் எல்லாம் அதில் வருவது. அது தவறில்லை. கரட் இல்லாமல் பார்சல் கட்டினால் இப்போது ஆட்கள் கேட்கிறார்கள். ஆனால் மலைநாட்டுக் கரட் மூன்று நாள் பழையதானாலும் கரட்தான். ஊர்ப் பயற்றங்காய் அப்படியில்லை. பின்னேரம் ஆனால் அது வேறு சாமான்.

பயற்றங்காயை வளைத்துப் பார்க்க வேண்டும். வளைந்து கொடுத்தால் நேற்றையது. 'டக்'கென்று முறிந்தால் இன்று விடியப் பிடுங்கியது. வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்ப்பது எல்லாருக்கும் தெரியும். வியாபாரிகளுக்கு அதைக் கண்டால் ஆத்திரம் வரும். நியாயமான ஆத்திரம். பத்துப் பேர் நுனி முறித்துவிட்டுப் போன குவியலைப் பதினோராவது ஆள் வாங்க மாட்டார். ஆகவே நான் ஒன்றே ஒன்றைத்தான் முறிப்பேன், முறித்ததை வாங்குவேன். கத்தரிக்காயில் ஒரே பருமனில் இரண்டைக் கையில் எடுத்தால், பாரமானது விதை பிடித்தது. இலேசானதை எடுக்க வேண்டும். காம்பைச் சுற்றியிருக்கும் தொப்பி பச்சையாக இருக்க வேண்டும். கொச்சிக்காய்க்கும் காம்புதான் சாட்சி. காய் இரண்டு நாள் ஏமாற்றும், காம்பு ஏமாற்றாது.

கீரையில்தான் பெரிய விளையாட்டு. பொன்னாங்கண்ணி, வல்லாரை, பசளி எல்லாவற்றுக்கும் தண்ணீர் தெளித்து வைப்பார்கள். பார்க்கப் பச்சைப் பசேலென்று இருக்கும். உண்மையில் வேரால் குடிக்காத தண்ணீர் அது. சட்டிக்குப் போக முன்னரே, பத்து மணிக்கு அழுகல் மணம் வரும். நான் மேலே கிடக்கும் கட்டைத் தொடுவதில்லை. சாக்கைத் தூக்கி அடியில் இருக்கும் கட்டை எடுத்து உதறுவேன். உதறினால் மண் விழ வேண்டும். தண்ணீர் விழுந்தால் வைத்துவிட்டு வருவேன். "அக்கை, உங்களுக்கு வித்தா வியாபாரம் சரிதான்" என்று ஒரு தம்பி ஒருநாள் சொன்னான். மறுநாள் எனக்கென்று நனைக்காத கட்டு நாலு தனியாக வைத்திருந்தான்.

ஒன்றை மட்டும் கண்ணாலும் கையாலும் கண்டுபிடிக்க முடியாது. மருந்து. கத்தரிக்கும் கொச்சிக்காய்க்கும் அடிக்கிற மருந்து. அடித்து எத்தனை நாளில் ஆய்ந்தார்கள் என்பதைக் காய் சொல்லாது. ஒரு தோட்டக்காரர், நல்ல மனிதர், தன் வீட்டுக்கென்று கிணற்றடியில் நாலு கத்தரி வேறாக வைத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து, கிணற்றடிக் காயில் எனக்கும் இரண்டு கிலோ தர ஏலுமா என்று மட்டும் கேட்டேன். அவர் சிரித்தார். விலை கொஞ்சம் கூட. கொடுத்தேன்.

இனிச் சமையலுக்கு வருவோம். மாரி மரக்கறிக்கும் கோடை மரக்கறிக்கும் ஒரே கைப்பக்குவம் போட்டால் இரண்டில் ஒன்று பிழைக்கும். மாரியில் காய்க்குள் தண்ணீர் நிறைய. பூசணிக்காய் சட்டியில் கரைந்து கூழாகும். கோடைப் பூசணி மாப்பிடிப்பானது. பால்விட்டுக் காய்ச்சினாலும் துண்டு துண்டாய் நிற்கும், இனிக்கும். கத்தரிக்காயும் அப்படியே. கோடைக் கொச்சிக்காயின் உறைப்பு வேறு. மாரியில் ஐந்து போடுகிற கறிக்கு மூன்று போதும். கடை தொடங்கிய புதிதில் நான் கணக்குப் பார்க்காமல் ஐந்தே போட்டுப் போட்டு, ஆட்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு சாப்பிடுவார்கள். உறைப்புக்குத்தான் கடைக்குக் கூட்டம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கூட்டம் தண்ணீர்ச் செம்புக்குத்தான்.

சுண்டலை எடுங்கள். யாழ்ப்பாணத்தார் வறை என்பார்கள், நாங்கள் சுண்டல் என்போம். கீரையை மெல்லியதாக அரிந்து, வெங்காயம், கொச்சிக்காய், மஞ்சள், தேங்காய்ப்பூ போட்டுப் பிரட்டி எடுப்பது. மாரியில் கீரை தன் தண்ணீரிலேயே அவியும். ஒரு துளி தெளிக்கத் தேவையில்லை. கோடையில் கை நனைத்து இரண்டு தரம் தெளிக்காவிட்டால் கருகும். தெளிப்பது தேங்காய்ப்பாலாக இருந்தால் இன்னும் நல்லது, இரண்டாம் பால். முதற்பால் வேண்டாம், கீரை ஊமையாகிவிடும். வெங்காயம் கிண்டும் நாட்களில் தாளோடு வரும் பச்சை வெங்காயத்தைப் பலர் தாளை வெட்டி எறிந்துவிட்டுக் கொண்டுபோவார்கள். அந்தத் தாளையும் மாசித்தூளையும் சேர்த்துச் செய்யும் சுண்டலுக்கு என் கடையில் ஆட்கள் விலை பேசியதில்லை. எறிகிற தாளைச் சாக்கோடு வாங்கி வருவேன். ஆரம்பத்தில் சும்மா கொடுத்தார்கள், நான் என்ன செய்கிறேன் என்று தெரிந்த பிறகு காசு கேட்டார்கள்.

கோடை தொடங்குவதற்கு அடையாளம் எனக்குப் பிஞ்சு முந்திரிகைக் கொட்டை. வெளியூரார் கஜு என்று காயவைத்து வறுத்த பருப்பைத்தான் அறிவார்கள். பங்குனி, சித்திரையில் எங்கள் மணல் காணிகளில் பழத்தின் நுனியில் பச்சையாகத் தொங்கும் கொட்டையை முற்ற முன்னர் பறித்து, நெடுக்காகப் பிளந்து, உள்ளே இருக்கும் பருப்பை எடுப்போம். பேச்சுக்குச் சுலபம். கோதுக்குள் இருக்கும் பால் பட்டால் கை வெந்துபோகும், தோல் உரியும். விரலில் தேங்காயெண்ணெய் பூசி, அதன்மேல் சாம்பல் தொட்டுத்தான் பிளக்க வேண்டும். அம்மா ஒரு பலகையில் குந்தியிருந்து காலை முழுவதும் பிளப்பார். ஒரு மாதத்துக்கு அவருடைய பெருவிரல் கறுப்பாக இருக்கும். பருப்பை இளஞ்சூட்டு நீரில் ஊறவிட்டால் மேல்தோல் வழுக்கிக்கொண்டு கழலும். பிறகு வெங்காயம், கொச்சிக்காய், கறுவா ஒரு துண்டு, ரம்பை, மஞ்சள் கொஞ்சம், இரண்டாம் பாலில் அவியவிட்டு, முதற்பால் விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்க வேண்டும். மிளகாய்த்தூள் காட்டவே கூடாது. சிலர் போடுகிறார்கள். இறைச்சிக் கறி மாதிரி வரட்டும் என்று சரக்குத்தூளும் போடுகிறார்கள். அவ்வளவு கஷ்டப்பட்டு உரித்த பருப்பை ஏன் ஒளித்துவைக்க வேண்டும் என்று எனக்கு விளங்குவதில்லை.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு தொடங்கிவிட்டால் மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். செட்டிபாளையம், எருவில், மகிழூர் என்று ஊருக்கு ஊர் சடங்கு, கடைசியில் குளிர்த்தி. வெக்கை தணிய வேண்டும் என்று அம்மனைக் குளிரவைக்கிற நாட்கள். அந்த நாட்களில் ஊர் முழுக்க மரக்கறிதான். விலை ஏறும். முன்பெல்லாம் அறுபது ரூபாய்க் கத்தரிக்காய் நூறு ஆனது. முந்திரிகைக் கறி அப்போது கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் வைகாசி பிறக்கும்போது பிஞ்சு முடிந்து கொட்டை முற்றத் தொடங்கிவிடும். கடைசிப் பிஞ்சுகளுக்காக வாழைச்சேனைப் பக்கம் வரை சொல்லிவைத்து எடுத்திருக்கிறேன்.

நிலக்கடலைக்கும் எங்கள் பாஷையில் கச்சான் என்றுதான் பேர், கோடையில் மேற்கிலிருந்து வாவியைத் தாண்டி வரும் அனல் காற்றுக்கும் கச்சான் என்றுதான் பேர். "கச்சான் வந்திட்டு" என்று ஒருவர் சொன்னால் பையை எடுப்பதா கதவைச் சாத்துவதா என்று யோசிக்க வேண்டும். காற்று வந்தால் கீரை ஒரு மணித்தியாலம் முன்னரே வாடும். அந்த மாதங்களில் நான் கீரை எடுத்ததும் வாழைமடலில் சுற்றி, அதன்மேல் ஈரச்சாக்கு போட்டுக் கொண்டுவருவேன். கீரைமேல் தண்ணீர் படக்கூடாது, சாக்கில்தான் படவேண்டும்.

அந்தக் காற்று வரும் திசையிலிருந்துதான் நல்ல சாமான்களும் வரும். வாவிக்கு அக்கரை படுவான்கரை. சூரியன் படுகிற கரை. நாங்கள் இருப்பது எழுவான்கரை. பட்டிருப்புப் பாலத்தால் காலையில் வரும் சைக்கிள்களில் எருமைத் தயிர்ச் சட்டி, விறால், காய்ந்த குளங்களில் கிண்டிய கொட்டிக்கிழங்கு, தாமரைக்கிழங்கு. மண்டூரிலிருந்து குருமண்வெளித் துறைக்கு ஓடத்தில் வருகிறவர்களும் உண்டு. ஆனி, ஆடியில் காட்டுப் பழங்கள். பாலப்பழமும் வீரப்பழமும் சுண்டுக் கணக்கில் விற்பார்கள். பாலப்பழம் தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். தேங்காயெண்ணெய் தடவித்தான் கழற்ற வேண்டும். கரடிக்கும் அந்தப் பழம்தான் பிடிக்கும் என்பார்கள். பழத்துக்குக் காட்டுக்குப் போனவர்கள் கரடியைப் பற்றித்தான் கூடுதலாகக் கதைப்பார்கள். நான் பாலப்பழத்தைச் சமைப்பதில்லை. ஒரு சுண்டு வாங்கி, பார்சல் கட்டும்போது பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு ஒரு பிடி கையில் கொடுப்பேன். அது வியாபாரக் கணக்கில் இல்லை.

2007 பங்குனியில் பாலத்தால் ஆட்கள்தான் வந்தார்கள். சண்டைக்குள்ளால் படுவான்கரை முழுவதும் பெயர்ந்து இக்கரைக்கு வந்து பள்ளிக்கூடங்களிலும் கூடாரங்களிலும் கிடந்தது. அந்த வருடம் சந்தையில் தயிரில்லை, காட்டுப் பழமில்லை. தயிர் கொண்டுவருகிற கிழவர் ஒருவர் வெறுங்கையோடு என் கடை வாசலில் வந்து நின்றார். பட்டியில் மாட்டைக் கட்டவிழ்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. சோறு போட்டேன். சாப்பிட்டுவிட்டு, "தயிர் இல்லாமச் சாப்பிட்டு எத்தின வருசம்" என்றார்.

கடலும் ஒருதரம் வந்தது. 2004 டிசம்பர் 26. உயிர்களைப் பற்றி எழுத எனக்குத் தைரியமில்லை. கிணறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கடலோரக் கிணறுகளுக்குள் கடல் நிறைந்து போயிற்று. துப்புரவாக்க வேண்டும் என்று மோட்டார் வைத்து இறைத்தார்கள். ஒருதரம், இரண்டுதரம், பத்துத்தரம். இறைக்க இறைக்க உப்புக் கூடியது. மாமி சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது: மேலே மிதந்த கொஞ்சம் நல்ல தண்ணீரையும் நாங்கள்தான் இறைத்து வீசிக்கொண்டிருந்தோம். மாமி தன் கிணற்றை இறைக்க விடவில்லை. வேலியோரம் கதிரை போட்டு உட்கார்ந்து, வந்தவர்களோடு சண்டை பிடித்தார். அடுத்த கோடையில் சந்தையில் ஊர் மரக்கறி அபூர்வமாயிற்று. நான் தம்புள்ளைக் கோவாவைக் கட்டிக்கட்டி விற்றேன். இரண்டு மாரி பெய்த பிறகு மாமியின் தோட்டத்துப் பயற்றை மறுகா வந்தது. முதல் கட்டைக் காசு வாங்காமல் தந்தார். சட்டியில் வழமையைவிட உப்புக் குறைத்துப் போட வேண்டியிருந்தது. எனக்குத்தான் அப்படிப் பட்டதோ தெரியாது.

மாமா போன பிறகு மைத்துனர் மண்ணெண்ணெய் மோட்டார் வாங்கினார். பூவாளிகள் கொட்டிலில் தொங்கின. 2021 மே மாதம் இரசாயன உரம் இறக்குமதி செய்யக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தபோது வெண்டிக்காய் சிறுத்தது, கத்தரி மஞ்சளித்தது. தடை நவம்பரில் நீங்கியும் உரம் கைக்கு எட்டவில்லை. அடுத்த வருடம் மண்ணெண்ணெயும் இல்லை. வரிசையில் நின்று நின்று, ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியதும் மைத்துனர் மோட்டாரைச் சாக்கால் மூடிவிட்டுப் பூவாளியை இறக்கினார். காஸ் இல்லாததால் நானும் திரும்ப விறகுக்கு வந்திருந்தேன். அவருக்குத் தோள் பழக்கமில்லை. பாதிப் பாத்திதான் நனைந்தது, மிச்சம் காய்ந்து போயிற்று. ஆனால் அந்தப் பாதிப் பாத்தியில் வந்த கத்தரிக்காய் மாதிரி நான் அதற்குப் பிறகு வாங்கவில்லை. கையால் ஊற்றுகிறவன் ஒவ்வொரு மரத்தின் அடியையும் பார்த்து ஊற்றுகிறான், மோட்டார்க் குழாய் பார்க்காது. இதை மைத்துனரிடம் சொன்னேன். "அப்ப நீங்க வந்து ஊத்துங்க மச்சாள்" என்றார். பேசாமல் வந்துவிட்டேன்.

கோடையின் கடைசிப் பரிசு வெள்ளரிப்பழம். வீதியோரத்தில் வத்தகப்பழக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். பழுத்ததும் தானாகவே வெடிக்கும். ஓலையாலோ வாழைச்சருகாலோ சுற்றிக் கட்டியிருப்பார்கள். வெடிப்பு வெள்ளையாக, மா உதிர்வதுபோல் இருக்க வேண்டும். ஈரமாக மின்னினால் நேற்றே வெடித்தது. அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வருவது பச்சைக் குழந்தையைக் கொண்டுவருவதற்குச் சமம். வீட்டில் தோலை உரித்து, கரண்டியால் வழித்து, சீனியும் முதற்பாலும் விட்டு மசித்தால் போதும். அடுப்பு தேவையில்லை. எனக்குச் சர்க்கரைதான் பிடிக்கும், பேத்திக்குச் சீனி. கடையில் வைத்து விற்கப் பார்த்தேன். பகல் பன்னிரண்டுக்கே புளிக்கத் தொடங்கிவிட்டது. இப்போது வாங்குவது வீட்டுக்கு மட்டும்.

மாமி போய் நாலு வருடம். இந்தக் கோடையில் பள்ளிக்கூட விடுமுறைக்குப் பேத்தியை வெள்ளாப்பில் சந்தைக்குக் கூட்டிப்போகிறேன். பன்னிரண்டு வயது. முதல் நாள் மேலே கிடந்த நனைந்த கீரையைத்தான் எடுத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பத்து மணிக்கு மணம் வந்தபோது அவளே முகத்தைச் சுளித்தாள். போன கிழமை கெக்கரிக்காய்க் குவியலின் முன் குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் காம்பை நகத்தால் கிள்ளி மோந்துகொண்டிருந்தாள். விற்கிறவர், "என்னகா புள்ள, காயை வாங்கப் போறியா, வைத்தியம் பாக்கப் போறியா?" என்று கேட்டார். ஏழு காய் எடுத்தாள். இரண்டு மூன்று வளைந்தவை. நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை, காசைக் கொடுத்தேன்.

கடைக்கு வந்ததும் கத்தியைக் கேட்டாள். நான் உலைக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். பலகையில் முதல் காயை வைத்து, காம்புப் பக்கம் மெல்லியதாக ஒரு வில்லை வெட்டி, கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் வைத்தாள்.